எச் என்ற எழுத்து: இந்தியாவில் சாக்சபோன் வாங்குதல் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

(நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.)

மேற்கத்திய இசை பயிலும் ஆய்வு மாணவர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஆய்வு உதவித்தொகையிலிருந்து மூன்றாண்டுகளாக மிச்சம்பிடித்த தொகை அவர் கையில் இருக்கிறது. தொழில்முறைக் கலைஞர்கள் வாசிக்கும் தரத்தில் ஓர் ஆல்ட்டோ சாக்சபோன் வாங்க வேண்டும். பழைய பிரெஞ்சுக் கருவியா, புதிய ஜப்பானியக் கருவியா? நான் கச்சேரிக் கலைஞன் அல்லன். மேற்கத்தியக் காற்றுக் கருவிகள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை ஆராய்பவன், ஓரளவு வாசிக்கத் தெரிந்தவன். ஆனாலும் இரண்டு வரியில் விடை எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கொல்கத்தாவின் லால்பஜார் பகுதியில் ஒரு கடையில் நான் பார்த்த ஒரு கருவிதான் நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன்பு, இதே போன்ற சேமிப்புடன் இதே போன்ற ஆசையில் அக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே அமெரிக்காவின் கான் நிறுவனத்து ஆல்ட்டோ. வெள்ளி முலாம் கறுத்திருந்தது, ஆனால் உடலில் ஒடுக்கு இல்லை. “1914ஆம் வருடத்துச் சரக்கு, தேதியே போட்டிருக்கிறது பாருங்கள்” என்றார். தேதி இருந்தது உண்மை. ஆனால் அது காப்புரிமைத் தேதி. துளைகளின் விளிம்பைக் குழலின் உலோகத்திலிருந்தே இழுத்து உருவாக்கும் முறைக்கு 1914 டிசம்பரில் வழங்கப்பட்ட காப்புரிமையை அந்நிறுவனம் பயன்படுத்தியது. அதற்குப் பின் பல ஆண்டுகள் செய்த கருவிகளிலும் அதே தேதியைப் பொறித்தது. கல்வெட்டில் அரசன் பட்டம் ஏறிய ஆண்டைக் கல் வெட்டிய ஆண்டாகக் கொள்ளும் பிழையைப் போன்றது இது. நான் இதைச் சொல்லிச் சற்றுப் பெருமைப்பட்டுக்கொண்டேன். பெருமை நீடிக்கவில்லை. வரிசை எண்ணுக்குக் கீழே ஒற்றை எழுத்து ஒன்று பொறித்திருந்தது. அது ‘எல்’ அன்று, ‘எச்’.

அந்த எழுத்தின் பொருள் உயர் சுருதி. இன்று உலகெங்கும் ஏ என்னும் சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் அளவு வழக்கில் இருக்கிறது; 1939இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு பரிந்துரைத்த அளவு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நிலைமை வேறு. அங்கே சுருதி ஏறிக்கொண்டே போய் ஏறத்தாழ 452 ஹெர்ட்ஸில் நின்றது. லண்டனின் பில்ஹார்மோனிக் சங்கம் 1896இல் 439க்கு இறங்கிவிட்டது. பட்டாளத்து இசைக்குழுக்கள் இறங்கவில்லை. காரணம் எளியது: சரக்குக் கருவிகள் அத்தனையையும் மாற்ற வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். எனவே 1920களின் இறுதிவரை பிரிட்டிஷ் ராணுவம் பழைய உயர் சுருதியிலேயே ஊதிக்கொண்டிருந்தது. பேரரசின் படை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அந்தச் சுருதியும் இருந்தது. இந்தியக் கண்டோன்மென்ட்டுகளிலும்தான்.

இரண்டு சுருதிகளுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். பியானோவுடன் சேர்ந்து வாசித்தால் நான்கு நொடிக்கு மேல் யாரும் அந்த அறையில் இருக்க மாட்டார்கள். மௌத்பீஸைச் சற்று வெளியே இழுத்துவிட்டால் சுருதி இறங்காதா என்று கேட்கத் தோன்றும். இறங்கும், ஆனால் சமமாக இறங்காது. குழலின் மேற்பகுதித் துளைகளிலிருந்து பிறக்கும் சுரங்கள் அதிகமாகவும், கீழ்ப்பகுதிச் சுரங்கள் குறைவாகவும் இறங்கும். துளைகளின் இடைவெளி முழுவதுமே குட்டையான குழலுக்குக் கணக்கிட்டு இடப்பட்டது. அந்தக் கணக்கை எந்தப் பழுதுபார்ப்பவரும் மாற்ற முடியாது. ஆகவே பார்வைக்கு அரிய பழம்பொருளாகவும், பயனுக்கு அலங்காரப் பொருளாகவும் மட்டும் எஞ்சும் கருவிகள் நம் நாட்டின் பழைய கடைகளில் உண்டு. நான் அன்று வாங்காமல் திரும்பினேன். ஏமாறாமல் தப்பியதாகவே எண்ணிக்கொண்டேன்.

இந்த எழுத்தை இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது’ என்ற கேள்வி, தேர்ந்தெடுக்க ஒரு சந்தை இருப்பதாக முன்னரே கொள்கிறது. இந்தியாவில் சாக்சபோனின் வரலாற்றில் பெரும்பகுதிக்கு அப்படியொரு சந்தை இருந்ததில்லை. வாசிப்பவர் வேறு, வாங்கியவர் வேறு. பெல்ஜியத்தின் தினான் ஊரில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றபோதே அவர் கண்முன் இருந்த வாடிக்கையாளர் தனிமனிதர் அல்லர், பிரெஞ்சு ராணுவம். உலோகக் குழலின் உரத்த ஒலியும் ஒற்றை ரீடின் இளக்கமும் சேர்ந்த இக்கருவி திறந்தவெளி அணிவகுப்புக்குப் பொருத்தமானது. இந்தியாவிலும் பட்டாளம், அரண்மனை, பின்பு ஓட்டல் ஆகிய மூன்று நிறுவனங்களே முதலில் கருவியை வாங்கின. கலைஞர் அதைக் கைக்கொண்டார், அவ்வளவே.

ஓட்டல் காலம் சுவையானது. 1935இல் பம்பாயின் தாஜ்மஹால் ஓட்டலுக்கு லியோன் ஆபி தம் ஆப்பிரிக்க-அமெரிக்கக் குழுவுடன் வந்தார். அவரைத் தொடர்ந்து டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் முதலியோர் வந்தனர். வெதர்ஃபோர்ட் கல்கத்தாவின் கிராண்ட் ஓட்டலில் புகழ்பெற்று, 1945இல் அந்நகரிலேயே இறந்தார். இக்குழுக்களைக் கேட்டும் அவற்றில் இடம்பெற்றும் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் கோவாவிலிருந்து வந்தவர்கள். போர்த்துக்கீசிய ஆட்சியில் தேவாலயப் பள்ளிகளில் இசைக்குறிப்பு எழுத்தைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றிருந்ததால் எந்த ஏற்பாட்டையும் பார்த்தவுடன் வாசிக்க அவர்களால் முடிந்தது. ரூடி காட்டன் என்ற பெயரில் டெனர் சாக்சபோன் வாசித்த பார்சிக் கலைஞரும் இக்காலத்தவரே. இந்த ஜாஸ் காலத்தை நரேஷ் பெர்னாண்டஸ் ‘தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்’ என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஆனால் அந்நூலைப் படிக்கும்போதும் பிற நினைவுக்குறிப்புகளைப் படிக்கும்போதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கலைஞர்களின் பெயர்கள் கிடைக்கின்றன, அவர்கள் அணிந்த கோட்டின் நிறம்கூடப் புகைப்படத்தில் தெரிகிறது. கையில் இருந்த கருவி யாருடையது, எங்கே வாங்கியது, பின்பு யாரிடம் போயிற்று என்பது மட்டும் ஆவணத்தில் அகப்படுவதில்லை.

1947க்குப் பின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புலம்பெயர்ந்தன. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இரவு விடுதிகளின் வருவாயை முறித்தது. கலைஞர்கள் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு நகர்ந்தனர். போனவர்கள் எடுத்துச் சென்றவை போக, எஞ்சிய கருவிகள் இங்கேயே கைமாறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகத்துக்குத் துணையாக ஒரு பொருளாதாரக் காரணம் இருக்கிறது. 1957இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. உர ஆலைக்கும் உருக்காலைக்கும் டாலர் தேடிய அரசு சாக்சபோனுக்கு டாலர் ஒதுக்குமா? வெளிநாட்டுப் பயணம், கப்பலில் வேலை, வெளிநாட்டு உறவினர் ஆகிய வழிகளில் ஒன்று வாய்த்தால் புதுக் கருவி. இல்லையேல் ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் ஒன்று. நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் முற்றாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான்.

உள்நாட்டு உற்பத்தி இல்லையா என்று கேட்கலாம். மீரட் நகரின் ஜாலி கோட்டி வட்டாரம் இதற்குப் பெயர் பெற்றது. 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் அங்கேதான் வளர்ந்தது. நாட்டின் திருமண ஊர்வலங்களில் ஒலிக்கும் பித்தளைக் கருவிகளில் பெரும்பாலானவை அவ்வூரின் பட்டறைகளில் பிறந்தவை. ஆனால் டிரம்பெட்டையும் சாக்சபோனையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. முன்னதற்கு மூன்று வால்வுகள். பின்னதற்கு இருபதுக்கும் மேற்பட்ட துளைகள். ஒவ்வொன்றுக்கும் மூடி, மூடிக்குள் தோல் போர்த்திய பேடு, அதை இயக்கும் நெம்புகோல், தண்டு, ஊசி போன்ற சுருள்வில். ஒரு மூடி மயிரிழை அளவு பொருந்தாவிட்டாலும் அதற்குக் கீழுள்ள சுரங்கள் எல்லாம் நோயுறும். பித்தளைத் தொழிலும் கடிகாரத் தொழிலும் ஒரே கூரையின்கீழ் இருந்தால்தான் நல்ல சாக்சபோன் உருவாகும். பாரிசிலும் எல்க்ஹார்ட்டிலும் ஹமாமட்சுவிலும் அப்படி அமைந்தது.

ஆகவே இந்தியாவில் ‘தொழில்முறைத் தரம்’ என்பதற்குப் பல பத்தாண்டுகள் நடைமுறைப் பொருள் ஒன்றுதான் இருந்தது: பழுதுபார்க்க ஆள் கிடைக்கும் கருவி. பம்பாயின் மழைக்காலத்தில் தோல் பேடு ஊதும், எஃகுச் சுருள்வில் துருவேறும். மனோகரி சிங்கை நினைத்துப் பாருங்கள். கல்கத்தாவில் 1931இல் நேபாளக் குடும்பத்தில் பிறந்து, 1950களின் இறுதியில் பம்பாய் வந்து, 2010இல் மறையும்வரை இந்தித் திரையிசையில் ஆல்ட்டோ சாக்சபோனின் முகமாகவே விளங்கியவர் அவர். ‘காஷ்மீர் கீ கலி’யிலும் ‘ஆராதனா’விலும் ஒலிக்கும் அந்தக் குழைவான நாதத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் அவரைக் கேட்டவர்களே. மெல்லிய பதிவறை மைக்குக்கு முன்னால், காற்றின் சலசலப்பும் கேட்கும்படி அவர் ஊதிய முறை ஒரு பள்ளியையே உருவாக்கியது. அந்நாதத்தின் பெரும்பங்கு உதட்டிலும் மூச்சிலும் இருந்தது என்பதே என் கருத்து. வாய்ப்புக் குறைந்த நாட்டில் கலைஞர்கள் தங்கள் உடலையே கருவியாகத் திருத்திக்கொள்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது இன்று மாணவர்களை மயக்கும் பழம்பெருமை. செல்மர் நிறுவனத்தின் மார்க் 6 என்ற வரிசை 1954இல் வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தது. சிறந்த கருவி என்பதில் ஐயமில்லை. 1936இன் பாலன்ஸ்டு ஆக்‌ஷன் வரிசையில் கீழ்ச்சுர மூடிகளை வலப்பக்கம் மாற்றியதும், 1948இல் வந்த அடுத்த வரிசையில் இரு கைத் துளைகளையும் கையின் இயல்புக்கேற்பச் சற்றுத் திருப்பி அமைத்ததும் சேர்ந்து முதிர்ந்த வடிவம் அது. இன்றைய சாக்சபோன்கள் யாவற்றிலும் விரல்கள் படியும் இடம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அதைச் சுற்றி எழுந்த கதைகள் வேறு வகை. போரில் எஞ்சிய பீரங்கிக் குண்டு உறைகளை உருக்கிச் செய்ததால்தான் அந்த நாதம் என்பார்கள். வரிசை எண் ஐந்து இலக்கமாக இருந்தால்தான் உயர்வு, ஆறு இலக்கமானால் தாழ்வு என்பார்கள். தொழிற்சாலையில் எண் 99,999ஐக் கடந்த நாளில் பித்தளைக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. வரிசை எண்ணை ஆண்டோடு பொருத்தும் பட்டியல்களே தோராயமானவை. தவிர, ‘பிரெஞ்சுக் கருவி’ என்று போற்றப்படுபவற்றில் பல, பூச்சும் செதுக்கலும் இன்றிக் கடல் கடந்து, அமெரிக்காவின் எல்க்ஹார்ட்டில் முடிக்கப்பட்டவை. மூலம், தூய்மை, பொற்காலம் ஆகிய சொற்களைக் கண்டால் ஐயுறப் பழகிய நம் துறையினர், சாக்சபோன் வாங்கும்போது மட்டும் அப்பழக்கத்தைக் கடை வாசலிலேயே கழற்றிவிடுவது வியப்பு.

ஜப்பானியக் கருவிகளின் கதை சுருக்கமானது. யமஹா 1967இல் சாக்சபோன் செய்யத் தொடங்கியது. அமெரிக்கப் பேராசிரியர் யூஜின் ரூசோ போன்ற கலைஞர்களை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டது. அடுத்த பத்தாண்டின் இறுதியில் வந்த அதன் 62 வரிசை, சுருதி ஒழுங்கிலும் இயக்கத்திலும் பழைய கருவிகளைவிட நம்பகமானது என்று தொழில்முறைக் கலைஞர்களே ஒப்புக்கொண்டனர். அதில் கதை இல்லை, அதனால் காதல் குறைவு.

2008இல் ‘சயன்ஸ்’ இதழில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையை இங்கே குறிப்பிட வேண்டும். சாக்சபோனின் மிக உயர்ந்த சுரங்களை வாசிக்கும்போது தேர்ந்த கலைஞர்கள் தங்கள் தொண்டைக்குழியின் அதிர்வெண்ணை அச்சுரத்துக்கு இசைவாகத் திருத்துகிறார்கள் என்பதை அவர்கள் அளந்து காட்டினர். பயிற்சி குறைந்தோரால் அது இயலவில்லை. அதே சுரம் அவர்களுக்கு வரவும் இல்லை. அதாவது குழல் உதட்டோடு முடிவதில்லை.

இதை மேற்கத்திய ஆய்வகம் அளப்பதற்கு முன்பே மங்களூரில் ஒருவர் வாழ்ந்து காட்டியிருந்தார். கத்ரி கோபால்நாத்தின் தந்தை நாகசுவரக் கலைஞர். மைசூர் அரண்மனையின் இசைக்குழுவில் சாக்சபோனைக் கேட்டு, அதுவே தம் கருவி என்று சிறுவயதில் முடிவுசெய்தவர் கோபால்நாத். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பின்பு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். நாகசுவரத்தில் துளை திறந்திருக்கிறது. விரலைப் பாதி விலக்கிக் கமகம் செய்யலாம். சாக்சபோனில் விரலுக்கும் துளைக்கும் இடையே மூடி இருக்கிறது. அது திறந்திருக்கும் அல்லது அடைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள நுண்சுரங்களைத் தாடையும் நாக்கும் தொண்டையுமே தேட வேண்டும். ஆண்டுக்கணக்கில் அவர் தேடினார். 1994இல் லண்டனில் பி.பி.சி. புரோம்ஸ் மேடை ஏறினார். அதே ஆண்டில் ‘டூயட்’ படத்தின் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார். 2019இல் மறைந்தார். இன்று கரையோரக் கர்நாடகத்தில் திருமணத்திலும் கோயில் விழாவிலும் சாக்சபோன் ஒலிக்காத இடத்தைத் தேட வேண்டும். வாசிப்போரில் பெண்கள் பலர்.

இவர்கள் கருவி வாங்கும்போது கைக்கொள்ளும் அளவுகோல் எந்த மேற்கத்திய வாங்குதல் கையேட்டிலும் இருக்காது. கையேடு ‘ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும்’ என்று சொல்லும். கமகம் வாசிப்பவருக்கோ சுரம் அவ்வளவு உறுதியாக நின்றால் தொல்லை; அழைத்தால் அசைய வேண்டும். ஒருவருக்கு நிறையாக இருப்பது மற்றவருக்குக் குறை.

கேள்வி கேட்ட மாணவருக்கு இனி நேராகவே சொல்கிறேன். நீங்கள் இசைக்குழுவிலும் தேர்விலும் பியானோவுடன் வாசிக்கப் போகிறவர். புதிய ஜப்பானியக் கருவியை, உங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் பழுதுபார்ப்பவர் இருக்கும் நிறுவனத்தினுடையதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய கருவியே வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், முதலில் எண்ணுக்குக் கீழே என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். இருட்டறையில் குழலுக்குள் சிறு விளக்கை இறக்கி, மூடிகளை மெல்ல அழுத்தி, எங்கே வெளிச்சம் கசிகிறது என்று கவனியுங்கள். கழுத்துப் பகுதி வளைந்து நிமிர்த்தப்பட்டதா என்று விரலால் தடவுங்கள். மிகத் தாழ்ந்த சுரம் மென்மையாக ஊதும்போதும் எழுகிறதா என்று கேளுங்கள். உரக்க ஊதினால் எந்த ஓட்டையும் மறைந்துவிடும். முழுதாகப் பேடு மாற்றும் செலவைக் கருவியின் விலையோடு கூட்டிப் பாருங்கள். உங்கள் சொந்த மௌத்பீஸையும் ரீடையும் எடுத்துச் செல்லுங்கள். நாகசுவரக்காரர் பிறர் சீவாளியில் கருவியைச் சோதிப்பதில்லை. சேமிப்பில் ஒரு பகுதியை நல்ல மௌத்பீஸுக்கென ஒதுக்குங்கள்.

அந்த எச் முத்திரைக் கருவி பற்றி ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் உடுப்பிப் பகுதியைச் சேர்ந்த இளம் சாக்சபோன் கலைஞர் ஒருவர் கச்சேரிக்காகக் கொல்கத்தா வந்திருந்தார். பழைய கடைகளைப் பார்க்க விரும்பினார், அழைத்துச் சென்றேன். அதே பரண், அதே பெட்டி. உயர் சுருதிக் கருவி, எதற்கும் உதவாது என்று நான் என் பாடத்தை ஒப்பித்தேன். அவர் மௌத்பீஸைப் பொருத்தி ஒரு நீண்ட சுரம் ஊதினார். பிறகு கைப்பேசியில் தம்பூராச் செயலியைத் திறந்து, நுண்சுருதிக் குமிழைச் சிறிது சிறிதாக ஏற்றி, கருவியின் சட்சத்தோடு சேர்த்தார். துளைகள் தமக்குள் ஒழுங்காகவே இருந்தன. 440 ஹெர்ட்ஸ் என்ற அயலானோடுதான் அவற்றுக்குச் சண்டை. மிருதங்கமும் வயலினும் எந்தச் சுருதிக்கும் வரும். ஆர்மோனியம் மட்டும்தான் வராது. இரண்டு மூடிகள் கசிந்ததைப் பொருட்படுத்தாமல் அவர் மோகனத்தை மெல்லத் தொடங்கினார். ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன் யாருடைய அணிவகுப்புக்காகவோ செய்யப்பட்ட குழல் அது. பத்து நிமிடம் கடையில் யாரும் பேசவில்லை. வாசித்து முடித்து அவர் விலை கேட்டபோது, கடைக்காரர் எனக்குச் சொல்லியிருந்ததைவிட ஐயாயிரம் ரூபாய் கூட்டிச் சொன்னார்.